எல்லை தாண்டிய உருளைக்கிழங்கு

பெண் பார்க்க ஆள் வருகிறார்கள் என்றால், எதை எடுத்து முன்னால் வைப்பது என்பதைவிட எதை ஒளித்து வைப்பது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் மொத்த மூளையும் வேலை செய்யும். கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஓதம் ஏறிய இடம் (அதற்கு மேல் ஒரு காலண்டர்), கேட்ட கேள்விக்குப் பட்டென்று உண்மையைச் சொல்லிவிடும் பெரியப்பா. எங்கள் வீட்டில் அந்தப் பட்டியலில் பெரியப்பாவுக்கும் மேலே, முதல் இடத்தில் இருந்தவள் நான்.

காரணம், என் அழகு. சிரிக்காதீர்கள், இது என் அம்மா சொன்ன காரணம். எனக்கு அப்போது இருபது வயது, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருஷம். செல்வி அக்காவுக்கு இருபத்தாறு. அதற்கு முந்தைய தையில் அக்காவைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. கேசரி தின்றார்கள், காபி குடித்தார்கள், சிரித்துக்கொண்டே போனார்கள். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "காபி கொண்டாந்து குடுத்துச்சே, அந்தச் சின்னப் பொண்ணுன்னா மேல பேசலாம்."

அக்கா அழவில்லை. ஒரே பாத்திரத்தை நான்கு தடவை தேய்த்துக் கழுவினாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் உள்ளுக்குள் எங்கோ ஒரு ஓரத்தில், 'பரவாயில்லையே கலைச்செல்வி' என்று ஒரு குரல் கேட்டது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குரலுக்கு என்ன கதி நேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அன்றே அம்மா முடிவெடுத்துவிட்டாள். இனி யார் பெண் பார்க்க வந்தாலும் கலை கண்ணில் படக்கூடாது. எங்கள் பக்கம் இது ஊரில் இல்லாத வழக்கம் ஒன்றும் இல்லை. மூத்தவளைப் பார்க்க வரும்போது இளையவளை மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு வாய்த்த மாமா வீட்டில் அன்றைக்குப் பார்த்து எல்லாருக்கும் கண் வலி. அதனால் என்னை வீட்டுக்குப் பின்னால் பம்ப்செட் இருக்கும் மோட்டார் கொட்டாய்க்கு நாடு கடத்துவது என்று தீர்மானமானது.

வரப்போகிறவர் பெயர் ஏழுமலை. பண்ருட்டிப் பக்கம், டூவீலர் மெக்கானிக். மருந்துக் கடை வேலைக்குப் போய்வரும் அக்காவின் பழைய ஸ்கூட்டர் ஒரு நாள் நடுரோட்டில் நின்றபோது, அந்த வழியாக வந்தவர் இறங்கிச் சரி செய்து கொடுத்திருக்கிறார். அதற்கப்புறம் ஒரே மாதத்தில் அந்த ஸ்கூட்டர் மூன்று தடவை, அதுவும் சரியாக அவர் கடைக்குப் பக்கத்தில் போய் நின்றது. (அக்காவின் மருந்துக் கடை இருப்பது நேர் எதிர்த்திசையில்.) பிறகு யாரோ யாரிடமோ சொல்லி, ஜாதகம் கைமாறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று காலையில் அக்காவுக்கு நான்தான் தலை பின்னினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து அக்கா சொன்னாள், "கலை, இந்த எடம் எனக்கு அமையணும்டி. இது போச்சுன்னா இனிமே யார் முன்னாடியும் போய் நிக்க மாட்டேன். எதுனா கோளாறு பண்ண, உன்ன உயிரோட வுட மாட்டேன்."

"நான் இன்னாக்கா பண்ணப் போறேன்? மயில் ஓட்டிக்கினு உக்காந்திருப்பேன்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மயில் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் ஊர் மடுகரைக்குப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் மல்லாட்டைக் கொல்லை (நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் மல்லாட்டை), அதற்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. எல்லையைப் பற்றிக் கவலைப்படாமல் தினமும் பதினோரு மயில்கள் வந்து அப்பா விதைத்ததைக் கிளறித் தின்றுகொண்டிருந்தன. தகரம் தட்டினோம். பளபளக்கும் ரிப்பன் கட்டினோம். அம்மாவின் பழைய புடவையைச் சுற்றி ஒரு பொம்மை நிறுத்தினோம், அதன் முன்னால் ஒரு ஆண் மயில் தோகை விரித்து ஆடிவிட்டுப் போனது. அடிக்கவும் முடியாது, தேசியப் பறவை, கேஸ் ஆகிவிடும்.

அந்த நேரத்தில்தான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். எந்த நாட்டுக்காரரோ, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் உருளைக்கிழங்கை அடைத்து, பின்னால் ஏதோ ஸ்ப்ரே அடித்து, நெருப்புப் பொறி தட்டினார். டும்! கிழங்கு கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! சத்தத்துக்குச் சத்தம், மயிலுக்கும் சேதாரம் இல்லை. மெக்கானிக்கல் படிக்கிற பெண் ஒருத்தி வீட்டில் இருந்தும் தகரம் தட்டிக்கொண்டிருந்தால் ஊர் என்ன பேசும்?

போர்வெல் போட்டபோது மிச்சமான குழாய்த் துண்டுகள் கொட்டாயில் கிடந்தன. அடுப்பு பற்றவைக்கும் லைட்டர் சமையலறையில் இருந்தது. (செய்முறை கேட்டுக் கடிதம் போடாதீர்கள், சொல்ல மாட்டேன். என் இடது புருவத்தை உற்றுப் பார்த்தவர்கள் யாரும் கேட்பதுமில்லை.) இரண்டு நாளில் பீரங்கி தயார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் லைட்டரைத் தட்டினேன். டிக். டிக். டிக். அவ்வளவுதான். ஒரு கொட்டாவிச் சத்தம்கூட வரவில்லை.

இந்த இடத்தில் என் அறிவைப் பற்றி இரண்டு வார்த்தை. வெடிக்கவில்லை என்றால் ஸ்ப்ரே போதவில்லை என்று அர்த்தம், இதுதான் என் கண்டுபிடிப்பு. உப்புப் போதாவிட்டால் உப்புப் போடுகிறோம் இல்லையா? அதனால் ஒவ்வொரு தடவையும் கூடுதலாக அடித்தேன். அதற்கும் வெடிக்கவில்லையா, இன்னும் கூடுதல். அப்பாவுக்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த ஸ்ப்ரே டப்பா காலியாகிவிட்டது. இத்தனைக்கும் அதற்கு முந்தைய பரீட்சையில் 'எரிபொருளும் காற்றும் சரியான அளவில் கலக்க வேண்டியதன் அவசியம்' என்ற கேள்விக்கு ஐந்து பக்கம் எழுதி, படம் வரைந்து, கலர் பென்சிலால் அம்புக்குறி போட்டு, முழு மதிப்பெண் வாங்கியவள் நான். படித்தது பரீட்சைக்கு, பீரங்கி வேறு சங்கதி என்று நினைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு அம்மா என்னைப் பின்கட்டு வழியாக வெளியே தள்ளினாள். "கொட்டாயாண்ட போய் உக்காரு. வூட்டாண்ட தல காட்டாத. யார்னா கேட்டா நீ ஹாஸ்டல்ல இருக்கன்னு சொல்லிக்கிறேன்."

"நான் டெய்லி பஸ்ல தானம்மா போய்க்கினு வரேன்?"

"அது அவங்களுக்குத் தெரியுமா? போடி."

நான் போனேன். போகும்போது துப்பட்டாவுக்குள் போண்டாவுக்கு வைத்திருந்த உருளைக்கிழங்கில் மூன்றும், அன்றைக்கென்றே அக்கா வாங்கியிருந்த மல்லிகை வாசனை பாடி ஸ்ப்ரேயும் இருந்தன. 'இதைக் கொண்டுபோய் அலமாரியில வைடி' என்று அக்காதான் என் கையில் கொடுத்தாள். அலமாரி எந்தப் பக்கம் என்று அவள் சொல்லவில்லை.

ஏன் எடுத்தேன் என்று பின்னால் எத்தனையோ தடவை என்னைக் கேட்டிருக்கிறார்கள். பதில் ஒன்றுதான். அது எப்படியும் வெடிக்காது என்ற தைரியம்! இரண்டு வாரமாக வெடிக்காதது இன்றைக்கா வெடிக்கப் போகிறது? சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு ஒரு ஆராய்ச்சி, அவ்வளவுதான்.

நாலு மணிக்கு வந்துவிட்டார்கள். வேனில் வந்தவர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே இறங்கி, மதகு மேல் நடந்து வந்தார்கள். தமிழ்நாட்டு வேன் எங்கள் பக்கம் வந்தால் பர்மிட் போட வேண்டும், அந்தப் பதினைந்து அடிக்கு எதற்குப் பர்மிட் என்று டிரைவர் தமிழ்நாட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டார். ஏழு பேர், பழத்தட்டு, பூத்தட்டு. கீற்று இடுக்கு வழியாகப் பார்த்தேன். முன்னால் வந்தது மாப்பிள்ளையின் அம்மா. நல்ல உயரம். மகன் கடைக்குப் பக்கத்திலேயே உதிரி பாகக் கடை நடத்துகிறவர், நடையிலேயே அது தெரிந்தது. கடைசியாக ஏழுமலை. புது வெள்ளைச் சட்டை, புது வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஊசி போடக் கூட்டிப் போகிற முகம்.

பின்கட்டுக் கதவு திறந்திருந்ததால் கூடத்தில் பேசுவது கொட்டாய்க்கு நன்றாகக் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மாதான் பேசினார்.

"வேலைக்குப் போறியாமா?"

சத்தம் இல்லை. அக்கா தலையை ஆட்டியிருப்பாள்.

"கடக் கணக்கெல்லாம் பாப்பியா?"

சத்தம் இல்லை.

"பொண்ணுக்குப் பேச்சு வருமில்ல?"

"ரொம்ப அடக்கமுங்க" என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. செல்வி அக்கா எங்கள் வீட்டில் கத்தினால் மூன்றாவது தெருவில் குழந்தை எழுந்துகொள்ளும். அன்று அம்மா அவளை மிரட்டி வைத்திருந்தாள், வாயைத் திறக்காதே, போன தடவை அதிகம் பேசினதால்தான் போச்சு என்று.

"கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?"

"ஒரே தங்கச்சிங்க. ஹாஸ்டல்ல படிக்கிறா."

அந்த நேரம் பார்த்து மயில்கள் வந்தன. பதினோரு மயிலும்! வரிசையாக, அவையும் பெண் பார்க்க வந்த மாதிரி. என் கை துறுதுறுத்தது. கொட்டாய்க்கு வெளியே அம்மா கொட்டி வைத்திருந்த அடுப்புச் சாம்பல் மேட்டின்மேல் பீரங்கியைக் கொல்லைப் பக்கம் பார்க்க வைத்தேன். கிழங்கை அடைத்தேன். பின்மூடியைத் திறந்து, அக்காவின் மல்லிகையை அடித்தேன், அடித்தேன், விரல் நோகும்வரை அடித்தேன். மூடினேன். டிக். டிக். டிக். டிக்.

ஒன்றும் இல்லை. மயில் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி திறந்து இன்னும் அடித்தேன். டிக். டிக். கொட்டாயைச் சுற்றி மல்லிகை மணம் ஆளை மயக்கியது. காற்று வேறு வீட்டுப் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னா சென்ட்டு வாசன, குப்புனு அடிக்குது?" மாப்பிள்ளையின் அம்மா குரல். "பொண்ணு இவ்ளோ சென்ட்டு போடுமா?"

"இல்லீங்க, பின்னாடி மல்லிப்பூ பூத்திருக்குது" என்றாள் அம்மா. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு முருங்கை மரம்.

நான் இன்னும் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆறு பேருக்கு அது என்னவோ பூச்சிச் சத்தம். ஏழாவது ஆள் மெக்கானிக். தட்டிக்கொண்டே இருந்தும் பற்றிக்கொள்ளாத ஒன்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு மெக்கானிக்கால் எவ்வளவு நேரம் கேசரி தின்ன முடியும்?

"ஒரு போனு வந்துச்சி" என்று முணுமுணுத்துவிட்டு அவர் எழுந்து பின்பக்கம் வந்துவிட்டார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்றடி தூரத்தில் மாப்பிள்ளை! பார்த்துவிட்டார்! போச்சு! என் அழகு மறுபடியும் அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டது! துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். நாளைக்கு வரப்போகும் போன், அக்கா கழுவப்போகும் பாத்திரம் எல்லாம் கண் முன்னால் ஓடின.

"இன்னா, ஓவர்ஃப்ளோ ஆவுதா?" என்றார் அவர்.

துப்பட்டாவை விலக்கிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்! உள்ளே அக்காவைப் பார்த்தபோதாவது அந்த வெளிச்சம் இருந்ததா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. (இருந்ததாம். அக்கா இன்றும் வாதாடுகிறாள்.)

"வெடிக்க மாட்டேங்குதுங்க" என்றேன். "எவ்ளோ அடிச்சாலும் வெடிக்கல."

"அதான் வெடிக்கல." பின்மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தவர் இருமினார். "உள்ள பூரா சென்ட்டுதான் கீது. காத்து எங்க? காத்து இல்லாம எப்படிம்மா பத்தும்? சோக்க இழுத்து வுட்டுட்டு உதச்சிக்கினே இருந்தா வண்டி ஸ்டார்ட் ஆவுமா?"

ஐந்து பக்கம் எழுதிய பதில், கலர் பென்சில் அம்புக்குறி உட்பட, அப்படியே என் கண் முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

"இப்பப் பாரு." தோளில் இருந்த துண்டை எடுத்து உள்ளே இருந்ததையெல்லாம் விசிறி வெளியேற்றினார். குழாயைக் கையில் தூக்கினார், திருப்பினார், குலுக்கினார், ஊதினார். எனக்கோ உற்சாகம் தலைக்கேறிவிட்டது! பெண் பார்க்க வந்தவர், நான் ஹாஸ்டலில் இருப்பவள், உள்ளே அக்கா தலைகுனிந்து நிற்கிறாள், எல்லாமே மறந்துபோனது. அவருக்கும் அப்படித்தான். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பல் மேட்டின் பக்கத்தில் மண்டியிட்டார்.

"ஒரே ஒரு டெஸ்ட்டு, அப்பறம் நான் உள்ள போயிடுவேன்" என்றார்.

"ஒரே ஒண்ணுதான்" என்றேன் நானும்.

ஸ்ப்ரேயை ஒரு சின்ன அழுத்து அழுத்தினார், அவ்வளவுதான். நான் அடித்ததில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூடியைத் திருகுவது என் பொறுப்பு. அவசரத்தில் அரைகுறையாகத் திருகினேன். குழாயை மறுபடி மேட்டில் சாய்த்து வைத்தோம். இரண்டு மெக்கானிக்கல் மூளைகளும் குழாயின் பின்பக்கத்தையே கவனித்தன. தூக்கித் திருப்பியதில் அதன் முன்பக்கம் இப்போது கொல்லையைப் பார்க்கவில்லை, வாய்க்காலைப் பார்க்கிறது என்பதை ஒரு மூளையும் கவனிக்கவில்லை.

டிக்.

டும்!

நான் அதுவரை கேட்ட எந்தத் திருவிழா வேட்டும் அதற்கு ஈடாகாது! கிழங்கு வானத்தில் ஒரு புள்ளியாகப் போனது. பதினோரு மயில்களும் ஒரே குரலில் அலறிக்கொண்டு எழும்பின. அரைகுறையாகத் திருகிய மூடி பின்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போய், சாம்பல் மேடு மொத்தமும் எங்கள் இரண்டு பேர் மேலும் கொட்டியது. முகத்தில் ஒரு அனல் வீசிப் போனது. ஒரு நொடி ஒன்றுமே தெரியவில்லை. பிறகு அந்தச் சாம்பல் புகைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது, "பாத்தியா? காத்து!"

நாங்கள் இருவரும் குதித்துக்கொண்டிருந்தோம். உண்மையாகவே குதித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பின்கட்டு வாசலில் இரண்டு குடும்பமும் நிற்பதைப் பார்த்தேன்.

அப்பாவின் கையில் காபி டம்ளர் சாய்ந்து, காபி சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை என்று அனுப்பி வைத்த வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறத்தில் திரும்பி நின்றது. எல்லாருக்கும் பின்னால், அம்மாவின் தோளுக்கு மேலாக அக்காவின் முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் என் குதூகலமெல்லாம் வடிந்துவிட்டது. அவள் காலையில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அதைக்கூட நான் செய்யவில்லை.

"யாரும்மா இது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

எங்கள் அம்மா வாயைத் திறப்பதற்குள், பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தும் ஒளித்து வைக்க மறந்துபோன பெரியப்பா முந்திக்கொண்டார். "இதாங்க சின்னப் பொண்ணு, கலைச்செல்வி."

"ஹாஸ்டல்ல இருக்கிற பொண்ணா? ஹாஸ்டல்ல இருக்கிற பொண்ணு இன்னாத்துக்கு இங்க சாம்பல் பூசிக்கினு நிக்குது?"

அதற்கு யாராவது பதில் சொல்வதற்குள் மதகின் மேல் ஒருவர் ஓடி வந்தார். வேன் டிரைவர். கையில் துண்டில் சுற்றிய எதையோ உயர்த்திப் பிடித்திருந்தார். "அம்மா! குண்டு போடறாங்கம்மா! வண்டி மேல டம்முனு வுழுந்துச்சி!" அருகில் வந்து துண்டைப் பிரித்தார். நசுங்கிய உருளைக்கிழங்கு. ஒரு பக்கம் லேசாக வெந்திருந்தது. மல்லிகை மணம் வீசியது.

"எழுந்து வாடா போலாம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த மகனைப் பார்த்து. "பொய் சொல்ற வூட்ல நமக்கு இன்னா வேல?"

நான் முன்னால் போனேன். "எங்கக்கா மேல ஒண்ணும் தப்பில்லீங்க. எல்லாம் நான்தான் பண்ணேன்."

"இல்லம்மா" என்றார் ஏழுமலை. அவர் நினைத்திருந்தால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் போய் நின்றிருக்கலாம். போகவில்லை. "கொளுத்துனது நான்தாம்மா. அந்தப் பொண்ணு கொளுத்துனப்ப வெடிக்கவே இல்ல."

இதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது போலும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். "போன தடவ வந்தவங்க மூத்தவளப் பாத்துட்டு சின்னவளக் கேட்டுட்டாங்கம்மா. பெரியவ மனசு ஒடிஞ்சி போயிட்டா. அதான் இவ கண்ணுல பட வேணாம்னு ஒளிச்சி வெச்சேன்."

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார். மெதுவாக, தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சாம்பல் அப்பிய முகம், பொசுங்கிய இடது புருவம், நெற்றியில் சுருண்டு கருகிய முடி, கக்கத்தில் அடுப்பு லைட்டர்.

"இதையாம்மா ஒளிச்சி வெச்சீங்க?" என்றார்.

முதலில் சிரித்தது டிரைவர். அப்புறம் பெரியப்பா. அப்புறம் எல்லாரும். என் இருபது வயதுக் கர்வம், அந்த உள்ளுக்குள் கேட்ட குரல், எல்லாம் அந்த ஒரே கேள்வியில் தரைமட்டமானது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா மட்டும் இன்னும் சிரிக்கவில்லை. அவர் முடிவு எடுக்காமலே நின்றிருந்தார்.

அப்போதுதான் அக்கா மூக்கை உறிஞ்சினாள். என்னை முகர்ந்தாள். மாப்பிள்ளையைத் தள்ளி நின்று முகர்ந்தாள். டிரைவர் கையில் இருந்த கிழங்கை முகர்ந்தாள்.

"அடிப்பாவி! அது என் ஸ்ப்ரேடி!"

மூன்றாவது தெருவில் குழந்தை எழுந்திருக்கும். "அலமாரியில வைன்னு குடுத்தா குழாய்ல அடிச்சியா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு உன்னால சும்மா இருக்க முடியாதா? புருவம் போச்சேடி லூசு! கண்ணு போயிருந்தா இன்னாடி பண்ணுவ?" என்று என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அதே வேகத்தில் ஏழுமலை பக்கம் திரும்பினாள். "அவதான் சின்னப் பொண்ணு, அறிவில்ல. உங்களுக்கு இன்னா? வெள்ள வேட்டி கட்டிக்கினு வந்து மண்டி போட்டுக் கொளுத்துவீங்களா?"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா முகம் மலர்ந்தது. "ஏம்மா, இவ்ளோ நல்லா பேசுற பொண்ண ஊமையாட்டம் நிக்க வெச்சிருந்தீங்க? நான் பயந்தே போயிட்டேன். எங் கடையில வாயில்லாதவ வந்தா ஒரு நாளு தாக்குப் புடிக்க முடியுமா?" பூத்தட்டை எடுக்கச் சொன்னார். மகனைக் காட்டி, "இவந்தான் பேச மாட்டான்னா, வரவளும் பேசாதவளா வந்துட்டா வூட்ல நான் செவுத்தோடதான் பேசணும்" என்றார். சாம்பல் படிந்த அந்தப் பின்கட்டு வாசலிலேயே அக்காவின் தலையில் பூ வைத்தார்கள். அன்று போண்டா மட்டும் குறைந்துபோனது. மூன்று கிழங்கு கணக்கில் வரவில்லை என்று அம்மா அப்போதும் தேடிக்கொண்டிருந்தாள்.

(மயில்களா? மறுநாள் காலை ஏழு மணிக்குப் பதினொன்றும் ஆஜர்.)

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தன் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அறிமுகப்படுத்தினார், "இதான் ஹாஸ்டல் பொண்ணு." புருவம் அப்போது பாதிதான் முளைத்திருந்தது. போட்டோ ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் எதையோ சந்தேகப்படுகிற மாதிரி நிற்கிறேன். இன்றைக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே, "ஹாஸ்டல்லேர்ந்து எப்போ வந்த?" என்றுதான் கேட்பார். அக்கா வீட்டில் ஸ்ப்ரே அடியோடு தடை, பவுடர் மட்டும்தான். எப்போதாவது அடுப்பு பற்றவில்லையென்றால், எங்கள் இரண்டு வீட்டிலும் யார் இருந்தாலும் கேட்கிற முதல் கேள்வி, "காத்து வுட்டியா?"

ஐந்து வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா மறுபடி பட்டியல் போட்டாள். கால் உடைந்த நாற்காலி உள்ளே போனது. பெரியப்பாவை இந்தத் தடவை மறக்காமல் கடலூருக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். முதல் இடத்துக்கு இப்போது வேறு ஆள் வந்திருந்தார்.

"பெரிய மருமவன் ஊர்ல இல்லீங்க, வெளியூர் போயிருக்காரு" என்று அம்மா வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் காபித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தேன். ஏழுமலை மாமாவைக் காலையிலேயே கொட்டாயில் உட்கார வைத்து, 'அசையக்கூடாது' என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள்.

முதல் டம்ளரை நீட்டும்போது என் மூக்கில் ஏறியது. மல்லிகை. என்னுடைய ஸ்ப்ரே. அப்புறம் பின்பக்கத்திலிருந்து மெல்லக் கேட்டது, டிக். டிக்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். வெட்கப்பட்டுத் தலைகுனிய வேண்டிய நேரத்தில் நான் என்னையறியாமல் வாய்க்குள் முணுமுணுத்தேன், "காத்து வுடு மாமா."

டும்!

வந்தவர்களில் ஐந்து பேர் வாசல் பக்கம் ஓடினார்கள். ஒருவர் மட்டும் காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல் பின்பக்கம் ஓடினார், என்ன வெடித்தது என்று பார்க்க. அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.